ஒரே தண்ணீர், மூன்று ஈடு: இரட்டைத் தொட்டி வாஷிங் மெஷினை எப்படி ரசிப்பது

இளையரசனேந்தலில் என் சித்தி வீட்டுப் பட்டாசல் மூலையில் ஒரு பழைய வாஷிங் மெஷின் நிற்கிறது. பழைய சேலை ஒன்றை மடித்து மேலே போட்டு மூடியிருப்பார். மற்ற நாளெல்லாம் அது மேசை. தண்ணிச் செம்பு, பிள்ளைகளின் நோட்டு, ஊறுகாய் ஜாடி எல்லாம் அதன்மேல்தான். துவைக்கிற நாளில் இவற்றை இறக்கி வைத்துவிட்டு அங்கணம் வரைக்கும் உருட்டிக்கொண்டு போவார். அடியில் நான்கு சின்னச் சக்கரங்கள் இருக்கின்றன. பெயர்த்தகடு உதிர்ந்து வருஷக்கணக்காகிறது. வெளிர்நீலப் பிளாஸ்டிக்கில் ஜன்னல் வெயில் விழுந்த பக்கம் மட்டும் மஞ்சளித்திருக்கிறது. ஒரே பெட்டிக்குள் இரண்டு தொட்டி: இடப்பக்கம் துவைக்க, வலப்பக்கம் பிழிய. கடைக்காரர்கள் செமி ஆட்டோமேட்டிக் என்பார்கள். சித்திக்கு அது வெறும் மிஷின்.

இப்படி ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கலாம், இல்லையென்றால் அம்மா வீட்டில் இருக்கலாம். ‘இதைத் தள்ளிவிட்டு ஃபுல்லி ஆட்டோமேட்டிக் ஒன்று வாங்கணும்’ என்ற பேச்சும் கூடவே இருக்கும். தள்ளுவதற்கு முன் ஒரு காலைப்பொழுதை அதோடு கழித்துப் பாருங்கள். தண்ணீரை அளந்து செலவழிக்கத் தெரிந்த கரிசல்காட்டுப் பெண்களின் புத்தி இந்த இயந்திரத்துக்கும் இருக்கிறது என்பது என் எண்ணம். அதைக் கண்ணாலும் காதாலும் கையாலும் தெரிந்துகொள்ளலாம்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். முன்பு சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்து, பிறகு கோவில்பட்டியோடு சேர்ந்த ஜமீன் ஊர் இது. கோவில்பட்டியில் இன்றும் ஒரு சாலைக்கு இளையரசனேந்தல் ரோடு என்றே பெயர். ஏந்தல் என்றால் மழைநீரை ஏந்தி வைத்துக்கொள்ளும் நீர்நிலை. தென்மாவட்டங்களில் எத்தனையோ ஊர்களுக்கு இந்த வால் உண்டு. ஆறு இல்லாத வானம் பார்த்த பூமியில் பெயரிலேயே தண்ணீரை வைத்துக்கொண்டிருக்கிற ஊர். சுற்றிலும் கரிசல். பருத்தி, உளுந்து, சோளம், கம்பு, மிளகாய். நல்லதண்ணிக் குழாய்க்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த நாட்கள் இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இங்கே தண்ணீரின் அளவு லிட்டர் இல்லை, குடம். சித்தி மிஷினுக்கு மூணு குடம்.

அந்த மூன்று குடத்தை ஊற்றுவதில் இருந்தே ரசனையைத் தொடங்குங்கள். பிளாஸ்டிக் குடம் ஒன்றுக்கு ஏறக்குறைய 13, 14 லிட்டர் என்றால் தொட்டியில் 40 லிட்டர். ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கில் தண்ணீர் குழாய் வழியாக யாருக்கும் தெரியாமல் ஏறி, யாருக்கும் தெரியாமல் இறங்கிப் போகிறது. இங்கே இடுப்பில் இருந்து இறக்கி நீங்களே சாய்க்கிறீர்கள். முதல் குடம் வெறுந்தொட்டியின் அடியில் விழும்போது கனத்த சத்தம். இரண்டாவது தண்ணீர்மேல் தண்ணீர் விழுகிற சத்தம். மூன்றாவதில் சத்தமே அடங்கிவிடும். தொட்டியின் உள்சுவரில் அளவுக்கோடு இருக்கிறது. ஆனாலும் சித்தி அந்தக் கோட்டைப் பார்த்து நான் கண்டதில்லை, காதால்தான் அளக்கிறார்.

சோப்புத்தூளைத் துணிக்கு முன்பே போட்டு, வெறும் தண்ணீரில் ஒரு நிமிஷம் ஓட விடுங்கள். இதைத் தவறவிடாதீர்கள், மெஷினின் நாட்டியம் துணி இல்லாதபோதுதான் தெளிவாகத் தெரியும். அடியில் இருக்கும் சுழல்தட்டு சில விநாடி வலமாகச் சுற்றுகிறது, மூச்சு வாங்குவது போல் நிற்கிறது, பிறகு இடமாகச் சுற்றுகிறது. நடுவில் சுழி விழுந்து, குலைந்து, எதிர்த்திசையில் மறுபடி விழுகிறது. நுரை ஓரத்தில் இருந்து ஏறி நடுவுக்கு வருகிறது.

திசை மாற்றுகிற வேலையைச் செய்வது யார் தெரியுமா? நீங்கள் திருகிவிட்ட அந்த டைமர். பெரும்பாலான பழைய மெஷின்களில் அதற்குள் இருப்பது சுருள்வில் வைத்த கடிகாரப் பொறி. மோட்டாருக்குள் ஒரே மாதிரியான இரண்டு காயில். இடையில் ஒரு கெப்பாசிட்டர். டைமருக்குள் சுற்றும் பல்தட்டு மின்சாரத்தை ஒரு முறை இந்தக் காயிலுக்கு நேராகவும், அடுத்த முறை அந்தக் காயிலுக்கு நேராகவும் கொடுக்கிறது. நேராக வாங்காத காயில் கெப்பாசிட்டர் வழியாக வாங்கும். அதனால் காந்தப்புலம் சுற்றுகிற திசை புரண்டு, மோட்டாரும் புரள்கிறது. சிப் கிடையாது, புரோகிராம் கிடையாது. ஒரு சுருள்வில் 15 நிமிஷத்துக்குத் தாளம் போடுகிறது. மின்வெட்டு மோசமாக இருந்த வருஷங்களில் இதைக் கேட்டிருப்பீர்கள்: கரண்ட் போய், மோட்டார் நின்று, வீடே அமைதியான பிறகும் டைமர் மட்டும் டிக் டிக் என்று தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சுருளை இறுக்கியது உங்கள் விரல். மின்வாரியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி துணி. இந்த மெஷினின் உயிர் இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஃபுல்லி ஆட்டோமேட்டிக் ஒவ்வொரு சுமைக்கும் புதுத் தண்ணீர் எடுத்து, முடிந்ததும் கொட்டிவிடும். இரட்டைத் தொட்டியில் துவைப்பதும் பிழிவதும் தனித்தனி இடம் என்பதால், துணியை எடுத்துப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றலாம். சோப்புத்தண்ணி இருந்த இடத்திலேயே இருக்கும். அதே தண்ணீரில் அடுத்த ஈட்டைப் போடலாம். இட்லிக் கொப்பரையில் அடுத்த ஈடு வைப்பதற்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டா புதிதாக வைக்கிறோம்? அதே கணக்கு. நான் முதல் தடவை உதவி செய்யப் போய், முதல் ஈடு முடிந்ததும் வடிகால் திருகில் கை வைத்தேன். சித்தி அடுப்பங்கரையில் இருந்து ஓடி வந்தார். “ஏய்யா, தண்ணியக் கொட்டிராத! இன்னும் ரெண்டு ஈடு ஓட்டலாம்ல!”

முதல் ஈடு வெள்ளை: வேட்டி, துண்டு, பள்ளிக்கூடச் சட்டை. இரண்டாவது ஈடு சாயம் போகாத வெளிர்நிறச் சேலை, பாவாடை, போர்வை உறை. மூன்றாவது கைலி, பேன்ட், கால்மிதி. அழுக்கும் சாயமும் ஏறுவரிசையில் போகும். தண்ணீரின் தெளிவு இறங்குவரிசையில் வரும். சங்கரன்கோவில் தறியில் நெய்த புதுச் சேலையை மட்டும் இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். முதல் இரண்டு மூன்று அலசலுக்கு அது தனி வாளியில் உட்காரட்டும். வரிசையை யோசித்துத் துணியைப் பிரித்துப் போடுகிற அந்தப் பத்து நிமிஷத்தில் வீட்டில் யார் அந்த வாரம் என்ன செய்தார்கள் என்பது தெரிந்துவிடும். எந்தச் சட்டைப் பையில் பேருந்து டிக்கெட், எந்தக் கைலியில் டீக்கறை, எந்தப் பாவாடையில் நெருஞ்சிமுள்.

கரிசல் மண் பட்ட துணிக்குத் தனி மரியாதை உண்டு. இந்த மண்ணின் களித்துகள் மிகமிகப் பொடி. ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஈரத்தோடு தேய்த்தால் நூலிடுக்கில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். நன்றாகக் காயவிட்டு, உதறி, பிரஷ்ஷால் தட்டி, சோப்பே இல்லாத பச்சைத்தண்ணியில் ஒரு முறை முக்கி எடுத்த பிறகுதான் மெஷினுக்குள் வரவேண்டும். மண்ணோடு அப்படியே போட்டால் சுழல்தட்டின் அடியில் இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்து ஒழுக ஆரம்பித்துவிடும். அந்த முக்கின தண்ணியைப் பாருங்கள், கட்டங்காப்பி மாதிரி இருக்கும். காட்டில் இருந்து வீட்டுக்கு வந்த நிலம் அது, முருங்கை மூட்டில் ஊற்றுங்கள்.

உப்புத்தண்ணி வருகிற போர் என்றால் பழைய பார் சோப்பு நுரைக்காது. தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகத் திரியும். சோப்புத்தூள் அந்த அளவுக்குச் சண்டை போடாது. மெஷின் வருவதற்கு முன் உவர்மண்ணில் முக்கி, வெள்ளாவி வைத்து ஆவியில் வேகவைத்து வெளுத்தவர்களின் கைப்பக்குவத்தை எந்த மெஷினும் எட்டியதில்லை. அந்த உழைப்பின் பாரத்தையும், அதைச் செய்தவர்களை ஊர் நடத்திய விதத்தையும் மறந்துவிட்டு வெண்மையை மட்டும் புகழ எனக்கு மனசு வரவில்லை.

துவைக்கும்போது பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்காருங்கள். ஸ்வீடன் மருத்துவர் ஹான்ஸ் ராஸ்லிங் 2010-ல் ஓர் உரையில் தன் சிறுவயதைச் சொன்னார். அவருக்கு நான்கு வயது இருக்கும்போது வீட்டுக்கு முதல் வாஷிங் மெஷின் வந்தது. பாட்டியையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆயுள் முழுக்க விறகடுப்பில் தண்ணீர் சுடவைத்துக் கையால் துவைத்தவர் அந்தப் பாட்டி. பொத்தானைத் தானே அமுக்குவேன் என்று கேட்டு அமுக்கி, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, துவைத்து முடிகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாராம். எனக்குத் தெரிந்து வாஷிங் மெஷினை எப்படி ரசிப்பது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. ஆனால் பார்த்தால் போதும் என்று நான் சொல்லமாட்டேன். இரட்டைத் தொட்டி நம்மைக் கைநனைக்கக் கூப்பிடுகிற மெஷின்.

பிழிகிற தொட்டிக்குத் துணியை மாற்றுவது தனிக் கலை. சின்ன வாளி அது. ஓட்டை போட்ட சுவர். துணியை உருட்டித் திணிக்கக் கூடாது. சுவரோடு சுவராக வட்டமாக அடுக்கி, நடுவில் குழி விட்டு, மேலே அந்த வட்டத் தட்டை வைத்து அமுக்க வேண்டும். ஒரு பக்கம் போர்வை, மறுபக்கம் கைக்குட்டை என்று வைத்தால் மெஷின் தடதடவென்று நடக்க ஆரம்பிக்கும். சக்கரம் வேறு இருக்கிறதே, அங்கணத்தைத் தாண்டியே வந்துவிடும். அடுக்கியது சரி என்றால், முதலில் ஒரு உறுமல், இரண்டு மூன்று குலுக்கல், பிறகு சத்தம் மெல்ல ஏறி ஒரே சுதியில் நின்றுவிடும். பம்பரம் தூங்குகிறது என்று சிறுவர்கள் சொல்வார்களே, அந்த நிலை. அந்தச் சுதி பிடிக்கும் நொடிக்காகக் காத்திருங்கள். அதே நொடியில் வடிகால் ஓஸில் தண்ணீர் கொட்டத் தொடங்கி, நூலாக மெலிந்து, சொட்டாகி நிற்கும்.

இந்தச் சின்ன வாளியின் பலத்தைக் குறைத்து எண்ண வேண்டாம். நிமிஷத்துக்கு 1,350 சுற்று, வாளியின் ஆரம் 11 செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால், சுவரில் ஒட்டியிருக்கும் துணியின்மேல் புவியீர்ப்பைப் போல் சுமார் 220 மடங்கு விசை. 700 சுற்றில், 25 செ.மீ. ஆரத்தில் சுற்றுகிற ஃபுல்லி ஆட்டோமேட்டிக் டாப் லோடுக்கு இதே கணக்கில் 140 மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். துணியை எடுத்து உதறிப் பாருங்கள். மழைக்காலத்தில், கொடி கட்ட ஒரு முழ இடம் மட்டுமே இருக்கிற வீட்டில், இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பது தெரியும். இரவு அறைக்குள் காயப்போட்ட பள்ளிச் சட்டை காலையில் ஈரவாடை இல்லாமல் இருக்கும்.

அலசுவதற்கு முன்பே ஒரு தடவை பிழிந்துவிடுங்கள் என்று சித்தி சொல்வதிலும் நல்ல கணக்கு இருக்கிறது. நுரையோடு இருக்கும் துணியை நேரே அலசல் தண்ணியில் போட்டால் அதில் பாதி சோப்புத்தண்ணியாகவே போகும். பிழிந்துவிட்டுப் போட்டால் துணியில் மிஞ்சியிருக்கும் கொஞ்சம் சோப்பை ஒரு வாளித் தண்ணீரே கரைத்துவிடும். பிழிந்து வந்த சோப்புத்தண்ணியை அவர் வாளியில் பிடித்துத் துவைக்கும் தொட்டிக்கே திருப்பி ஊற்றுவார். கடைசி அலசல் தண்ணி அடுத்த வாரத் துவைப்புக்கு முன் வாசலுக்கும் கக்கூஸுக்கும் போகும். இப்படிச் சில குடம் தண்ணீரிலேயே ஒரு குடும்பத்தின் வாரத் துணி முடிந்துவிடுகிறது.

சித்திக்குத் தெரியாது, இதே வித்தையை பிரிட்டனில் ஒரு தலைமுறைப் பெண்கள் செய்திருக்கிறார்கள். ஹூவர் நிறுவனம் வேல்ஸில் மெர்தர் டிட்ஃபில் என்ற ஊரில் 1948-ல் தொழிற்சாலை திறந்து, கையால் சுற்றிப் பிழியும் உருளை வைத்த சின்ன மெஷினைச் செய்தது. 1957-ல் அதே நிறுவனத்தின் ஹூவர்மேட்டிக் வந்தது: ஒரு பெட்டி, இரண்டு தொட்டி. சின்னச் சமையலறையில் திட்டுக்கு அடியில் தள்ளி வைத்திருந்து, திங்கட்கிழமை குழாயடிக்கு உருட்டிக்கொண்டு வருவார்கள். ஜப்பானில் சான்யோ நிறுவனம் 1953-ல் சுழல்தட்டு வைத்த மெஷினை விற்கத் தொடங்கியது. டெலிவிஷன், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மூன்றையும் அந்தக் காலத்து ஜப்பானியர் மூன்று பொக்கிஷங்கள் என்றார்கள். அங்கே இன்றும் இரட்டைத் தொட்டி மெஷின் கடையில் கிடைக்கிறது. இந்தியாவில் 1980களின் கடைசியில் வீடியோகான் இதை நடுத்தர வீடுகளுக்குக் கொண்டுவந்தது. அதே காலத்தில் டி.வி.எஸ். குழுமமும் அமெரிக்காவின் வேர்ல்பூலும் கூட்டுச் சேர்ந்து புதுச்சேரியில் வாஷிங் மெஷின் தொழிற்சாலை வைத்தன. மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் 2011-க்குப் பிறகு அரசு விலையில்லாப் பொருளாகவே தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தன. வாஷிங் மெஷின் 2021 தேர்தலில் அ.தி.மு.க. அறிக்கையில் வாக்குறுதியாக இடம்பெற்றதோடு நின்றது. ஆகவே இளையரசனேந்தல் மாதிரி ஊர்களில் இருக்கிற ஒவ்வொரு மெஷினும் சீட்டுப் பணத்திலோ, சீர்வரிசையிலோ, தவணையிலோ, போனஸிலோ வந்தது. சித்தியின் மிஷின் தீப்பெட்டி ஆபீஸ் போனஸில் வந்தது. அதற்கு முந்தைய தீபாவளி வரை இரண்டு கைகளால் கல்லில் அடித்தார்.

காதைப் பழக்கினால் நோயும் தெரியும். ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே சுற்றாமல் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கெப்பாசிட்டரை. மிகக் குறைந்த விலைச் சாமான். ஒரு பக்கம் மட்டும் சுற்றினால் டைமருக்குள் ஒரு முனை கருகியிருக்கலாம். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டும் தட்டு சோம்பினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. பிழிகிற தொட்டி வேகம் பிடிக்காமல் திணறினால் பிரேக் ஒயரைப் பாருங்கள். மூடியைத் திறந்ததும் வாளியைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் அது, முழுசாக விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கும். பின்பலகையின் சில திருகாணிகளைக் கழற்றினால் இவற்றில் பெரும்பாலானவை கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கெப்பாசிட்டரின் முனைகளைக் கையால் தொடாமல், ஒரு தடவையாவது திறந்து பாருங்கள். இரண்டு மோட்டார், ஒரு பெல்ட், ஒரு வடிகுழாய், ஒரு பிரேக் ஒயர். மிச்சமெல்லாம் காற்று. கோவில்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் யாரும் இதைப் பார்த்துக் கையை விரிக்கமாட்டார். ஒரு பொருளை முப்பது வருஷம் வைத்திருக்க முடிவது அதனால்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஈரத் தரை, வெறுங்கால், மின்சாரம் மூன்றும் ஒன்றாக இருக்கிற இடம் அங்கணம். எர்த் சரியாக இல்லாத பிளக்கில் இதைப் போடாதீர்கள். பழைய மெஷின்களில் மூடியைத் திறந்தவுடன் பிரேக் பிடிக்கிறதா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள். வாளி முழுசாக நிற்பதற்கு முன் கை உள்ளே போகக் கூடாது. பிள்ளைகளுக்கு அந்தச் சுழற்சி எவ்வளவு கவர்ச்சி என்பது நமக்குத் தெரியும், நாமும் அப்படி எட்டிப் பார்த்தவர்கள்தான்.

மூன்றாவது ஈடு முடிந்ததும் வடிகால் திருகை இப்போது திருப்பலாம். ஓஸைத் தரையில் இறக்கிப் போட்டால்தான் தண்ணீர் போகும். கருத்த தண்ணீர் சாம்பல் நுரையோடு அங்கணக்குழி வழியே போகிறதைப் பார்த்துக்கொண்டிருங்கள். தொட்டி காலியானதும் ஓரத்தில் தொங்கும் வலைப்பையைக் கழற்றி உள்புறம் வெளியாகத் திருப்புங்கள். அந்த வாரத்தின் பஞ்சு, நூல், ஒரு பொத்தான், மடிந்த டிக்கெட் துணுக்கு. வலையை உதறி, ஈரத்துணியால் தொட்டியைத் துடைத்து, பட்டாசல் மூலைக்கு உருட்டிக் கொண்டுபோய் நிறுத்துங்கள். சேலையைப் போட்டு உடனே மூடிவிடாதீர்கள். இரண்டு மூடியும் ராத்திரி முழுக்கத் திறந்தே கிடக்கட்டும். ஊறுகாய் ஜாடி காலையில் ஏறிக்கொள்ளட்டும்.